சைக்கிள் பாதையில மழைத்தண்ணி தேங்குது, பேவர் பிளாக்கை மாத்தணுமா? பேட்டரி கோ-கார்ட் டிராக்குக்கும் இதே பிளாக் போடலாமா?

பிளாக்கை மாத்த வேண்டாம், இடுக்குல இருக்கற எம்-சாண்டை சுரண்டி எடுத்துட்டு 3-6 மிமீ கழுவின சிப்ஸ் (பொடி ஜல்லி) போடுங்க. தண்ணி இறங்கற பேவர்னு காசு குடுத்து வாங்கி, வழக்கம்போல எம்-சாண்ட் மாதிரி டஸ்ட்டை கொட்டி கூட்டி அடைச்சுடறாங்க, அப்புறம் எப்படிங்க இறங்கும்?

செய்யறதுக்கு முன்னாடி ஒரு செக். நாலு பிளாக்கை எடுத்துட்டு ஒரு பக்கெட் தண்ணி ஊத்துங்க. சர்ருனு இறங்கினா இடுக்கு மட்டும்தான் பிரச்சினை. நின்னா பிளாக்குக்கு அடியில பரப்பியிருக்கற பெட்லயும் டஸ்ட், இல்ல மண்ணே தண்ணி குடிக்காத மண்ணு.

கரிசல் மண்ணா இருந்தா மட்டும் தண்ணிய மண்ணுக்குள்ள விடவே விடாதீங்க, ஊறி உப்பி, காஞ்சா வெடிச்சு பாதையவே தூக்கிடும், அடியில தண்ணி இறங்காத ஷீட் விரிச்சு, ஓட்டை போட்ட பைப் வெச்சு குட்டைக்கு கொண்டு போயிடுங்க.

கோ-கார்ட் டிராக்குக்கும் இதே பிளாக்னு எழுதியிருந்தீங்க, தயவுசெஞ்சு அது வேண்டாம். வளைவுல டயர் திருகுற வேகத்துக்கு பிளாக் நகரும், சிப்ஸ் தெறிச்சு பசங்க மேல படும். அங்க தார் போட்டு 2% சரிவு குடுங்க. பேட்டரி கார்ட்ங்கறதால பெட்ரோல், இன்ஜின் ஆயில் ஒழுகாது, ரொம்ப நல்ல முடிவு, ஆனா டயர் தூள் வரும், அதனால அந்த தண்ணி புல் வாய்க்கால் வழியா வடிஞ்சுதான் குட்டைக்கு போகணும்.