இயற்கையான பொருட்களை மட்டும் வைத்து வீட்டிலேயே நட்ஸ் சாக்லேட் செய்ய முடியுமா?

முடியும், சுலபமும்கூட. ஆனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். பேரீச்சம்பழம் சேர்த்து உருண்டை பிடிக்கப் போகிறீர்களா, இல்லை சாக்லேட்டை உருக்கி நட்ஸோடு கலக்கப் போகிறீர்களா? இரண்டும் தனித்தனி வழிகள். உருக்கிய சாக்லேட்டில் இனிப்புக்காகத் தேனை ஊற்றினால் அது திரண்டு கட்டியாகிவிடும்.

காரணம் ஈரம். உருகிய சாக்லேட் என்பது கொக்கோ வெண்ணெயில் கலந்து நிற்கும் கொக்கோ துகளும் சர்க்கரையும்தான். சில துளி தண்ணீர் பட்டாலும் அந்தத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தேனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அதனால் சாக்லேட் உருக்கும் பாத்திரம், கரண்டி, நட்ஸ் எல்லாம் சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும்.

எந்த வழியானாலும் நட்ஸை வறுப்பதில்தான் பாதி ருசி இருக்கிறது. தயவுசெய்து இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் 8 முதல் 12 நிமிடம் போதும். அடுப்பில் என்றால் அடி கனமான பாத்திரத்தில், சின்னத் தீயில், கிளறிக்கொண்டே இருங்கள். முந்திரி சீக்கிரம் சிவந்துவிடும், பாதாம் நேரம் எடுக்கும், ஆகவே தனித்தனியாக வறுப்பது நல்லது. வேண்டிய நிறம் வருவதற்குச் சற்று முன்பே இறக்கி, அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். உள்ளே இருக்கும் சூட்டில் இன்னும் கொஞ்சம் சிவக்கும். முழுவதும் ஆறட்டும். சூடாக மிக்ஸியில் போட்டால் எண்ணெய் விட்டுக்கொள்ளும்.

உருண்டைக்கு: வறுத்த நட்ஸ் 100 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராம், இனிப்பு சேர்க்காத கொக்கோ பவுடர் 2 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், கொக்கோவின் கசப்பை அதுதான் அடக்கும். நட்ஸை மிக்ஸியில் நிறுத்தி நிறுத்திச் சுற்றி, கொரகொரப்பாகப் பொடித்து எடுங்கள். அப்புறம் பழத்தை அரைத்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து உருட்ட வேண்டியதுதான். பழம் காய்ந்திருந்தால் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக வடித்துக்கொள்ளுங்கள்.

உருக்கும் வழிக்கு 200 கிராம் டார்க் சாக்லேட்டும் 150 கிராம் நட்ஸும் எடுத்துக்கொள்ளலாம். வாங்கும்போது பொருட்பட்டியலைப் படியுங்கள். கொழுப்பு என்று கொக்கோ வெண்ணெய் மட்டும் இருந்தால் சரி. வேறு தாவரக் கொழுப்பு இருந்தால் வாங்காதீர்கள். சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை, கொதிக்காத வெந்நீருக்கு மேல் வைத்த கிண்ணத்தில் மெதுவாக உருக்குங்கள். இறக்கிய பிறகு மீதியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, 31, 32 டிகிரிக்கு வரும்வரை கிளறுங்கள். இப்படிச் செய்தால்தான் பளபளப்பு வரும், உடைத்தால் சத்தமும் கேட்கும். அப்படியே உருக்கி ஊற்றினால் மேலே வெள்ளை பூத்துவிடும். சாப்பிடக் கெடுதல் இல்லை, அழகு போய்விடும். பிறகு நட்ஸைக் கலந்து, பட்டர் பேப்பரில் கரண்டி கரண்டியாக வைத்து ஆறவிடுங்கள்.

தேங்காய் எண்ணெயும் கொக்கோ பவுடரும் கலந்து செய்யும் முறையும் உண்டு. அந்த எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், ஆகவே ஃப்ரிட்ஜை விட்டு எடுத்ததும் சாப்பிட வேண்டியிருக்கும். எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பு இல்லை.

இயற்கையானது என்பதற்காகக் கணக்கில்லாமல் சாப்பிட வேண்டாம். பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். நார்ச்சத்து கூடவே வருவது உண்மை, ஆனாலும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவு பார்த்தே சாப்பிட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு முழு நட்ஸ் தொண்டையில் அடைக்கலாம், பொடித்துச் சேருங்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள், சாக்லேட் நாய்க்கு விஷம்.

உருண்டைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். வால்நட் சேர்த்திருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள், மற்ற நட்ஸைவிட அதுதான் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.