டவுன்லோடு பாதியில் நிற்கிறதா?
வாசகர் கேள்வி – பதில்

கே: உபுண்டு 24.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்) இன்ஸ்டால் செய்வதற்கான ஐ.எஸ்.ஓ. ஃபைலை 32 ஜி.பி. பென் டிரைவில் நேராக இறக்குகிறேன். மூன்று முறையும் 4 ஜி.பி. அருகே நின்றுவிட்டது. நெட் மாற்றியும் பலனில்லை.
– வாசகர், தேன்கனிக்கோட்டை

ப: நெட் மேல் குறை இல்லை. சிக்னல் அறுந்தால் ஒரு தடவை 1 ஜி.பி.யில் நிற்கும், மறுதடவை 3-ல் நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் பென் டிரைவைத்தான் பார்க்க வேண்டும். வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) ஃபேட்32 என்று இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4,29,49,67,295 பைட்டுக்கு மேல் வளராது. உபுண்டு 24.04 டெஸ்க்டாப் ஃபைலோ 5 ஜி.பி.யைத் தாண்டும். பென் டிரைவில் உள்ளதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு இந்த 4 ஜி.பி. வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் முழுதாக இறங்கும். ஆனால் ஐ.எஸ்.ஓ.வை வெறுமனே காப்பி செய்த பென் டிரைவ் பூட் ஆகாது, அதாவது அதிலிருந்து கம்ப்யூட்டர் தொடங்காது. ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, பூட் ஆகும் பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருள் கொண்டு எழுதுவதே நல்லது.

கே: செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால் 'முடிந்தது' என்கிறது, இன்ஸ்டால் செய்தால் ஃபைல் பழுது என்கிறது. பாதியில் அறுந்ததைத் தொடர வழி உண்டா?
– வாசகர், பென்னாகரம்

ப: ஃபைலின் மொத்த அளவைச் சர்வர் முன்பே சொன்னால்தான் மீதி எவ்வளவு என்று பிரவுசருக்குத் தெரியும். சில சர்வர்கள் சொல்வதில்லை. அப்போது இணைப்பு அறுந்ததையே முடிந்ததாகப் பிரவுசர் எடுத்துக்கொள்ளக்கூடும். 'இன்னும் இத்தனை நிமிடம்' என்று காட்டாமல் இறங்கும் ஃபைலை நம்பாதீர்கள்.

பாதியில் அறுந்ததைத் தொடர வழி உண்டு. விண்டோஸ் 10, 11-ல் கர்ல் என்ற டவுன்லோடு கருவி கூடவே வருகிறது. பவர்ஷெல்லில் வேண்டாம், அங்கே அந்தப் பெயர் வேறு கட்டளைக்குப் போகலாம். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளை ஜன்னலில் 'கர்ல் -எல் -சி - -ஓ' என ஆங்கிலத்தில் (curl -L -C - -O) அடித்து, பின்னால் ஃபைலின் முகவரியை ஒட்டுங்கள். கட்டளைப் பெயர் சிறிய எழுத்தில். எல், சி, ஓ மூன்றும் பெரிய எழுத்தில். சி-க்குப் பின் தனியே நிற்கும் '-' குறியை விட்டுவிடாதீர்கள், விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வது அதுதான். சிக்னல் போனால் அதே போல்டரில் அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். பிழை 33 வந்தால் அந்தச் சர்வர் தொடர்ச்சியை ஏற்காது. வேறு மிர்ரர் (அதே ஃபைலை வைத்திருக்கும் இன்னொரு சர்வர்) தேடுங்கள்.

நாள் கழித்துத் தொடரும்போது சர்வரில் புதுப் பதிப்பு வந்திருந்தால் பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டிக்கொள்ளும். அளவு சரியாக இருந்தாலும் ஃபைல் கெட்டதுதான். அதனால் ஷா256 (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) சரிபார்ப்பைத் தவறவிடாதீர்கள். கமாண்ட் பிராம்ப்டில் 'சர்ட்யூட்டில் -ஹாஷ்ஃபைல்' (certutil -hashfile), ஃபைல் பெயர், 'ஷா256' (SHA256) என வரிசையாக ஆங்கிலத்தில் கொடுத்தால் 64 எழுத்து வரும். தளத்தில் வெளியிட்டிருப்பதோடு ஒரு எழுத்து மாறினாலும் ஃபைலை அழித்துவிடுங்கள்.

கே: 200 எம்.பி. சாஃப்ட்வேர் சில கே.பி.யோடு முடிந்துவிடுகிறது.
– வாசகர், பாலக்கோடு

ப: வந்தது சாஃப்ட்வேரே அல்ல, பெரும்பாலும் ஒரு பிழைப் பக்கம். நோட்பேடில் திறந்தால் காரணம் எழுதியிருக்கும்: லிங்க் காலாவதி, அல்லது லாகின் தேவை. பழைய லிங்க்கை விட்டுவிட்டு, டவுன்லோடு பக்கத்தைப் புதிதாகத் திறந்து அழுத்துங்கள்.