பைபிளின் புதிய ஏற்பாட்டில் பவுல் பிலேமோனுக்கு எழுதியது தனிப்பட்ட கடிதம் என்றால், தொடக்க வாழ்த்தில் ஒரு சபையே ஏன் வருகிறது?

நியாயமான கேள்வி. ஒநேசிமு என்ற அடிமையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி அவனுடைய எஜமான் பிலேமோனிடம் பவுல் கேட்கிறார். இரண்டு பேருக்குள் முடிந்துபோக வேண்டிய விஷயம் போலத்தான் தெரியும். ஆனால் 25 வசனமுள்ள இந்தச் சின்னக் கடிதத்தின் பலமே முதல் மூன்று வசனங்களில் இருப்பதாக எனக்குப் படுகிறது. வாலிபர் வேதபாடத்தில் இதை எடுத்தால், அந்த மூன்றைத் தாண்டுவதற்குள்ளேயே நேரம் போய்விடும்.

அந்தக் காலத்துக் கடிதங்களில் அனுப்புகிறவர் பெயர் முதலில் வரும், அடுத்து பெறுகிறவர், அப்புறம் வாழ்த்து. பவுலும் அந்த முறையில்தான் எழுதுகிறார். ஆனால் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறார் என்பது கடிதத்துக்குக் கடிதம் மாறும். கலாத்தியருக்கு எழுதும்போது, தான் மனுஷரால் ஏற்பட்ட அப்போஸ்தலன் (அனுப்பப்பட்ட தூதன்) அல்ல என்று எடுத்த எடுப்பிலேயே அதிகாரத்தோடு பேசுகிறார். இங்கே அந்தப் பட்டமே இல்லை. கிறிஸ்து இயேசுவினிமித்தம் கட்டப்பட்டவன், அதாவது கைதி, என்று தொடங்குகிறார். அவருடைய வேறு எந்தக் கடிதத்தின் வாழ்த்திலும் இப்படி வராது. கட்டளையிடலாம், ஆனாலும் அன்பினிமித்தம் மன்றாடுகிறேன் என்று எட்டாம், ஒன்பதாம் வசனங்களில் சொல்லப்போவதற்கு இங்கேயே தயாராகிவிட்டார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாழ்த்தில் பெறுகிறவர்களாக வருவது பிலேமோன், அப்பியாள், அர்க்கிப்பு, அப்புறம் "உம்முடைய வீட்டிலே கூடிவருகிற சபை". ஒநேசிமு, அர்க்கிப்பு இருவர் பெயரும் கொலோசெ சபைக்கு எழுதிய கொலோசெயர் கடிதத்தின் 4-ஆம் அதிகாரத்திலும் இருப்பதால், அந்த வீடு இன்றைய துருக்கியிலிருந்த கொலோசெ பட்டணத்தில் இருந்தது என்று கொள்ளலாம். தனி ஆலயக் கட்டடம் இல்லாத காலம். விசுவாசிகள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள், கடிதம் வந்தால் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். பிலேமோன் தன் வீட்டுக் கூடத்தில், தன் சபையார் நடுவே உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டும். அந்த வீட்டு அடிமைகளும்கூட அங்கே இருந்திருக்கலாம்.

ரோமச் சட்டப்படி அடிமை எஜமானின் சொத்து. ஒநேசிமுவைத் தண்டித்தால் ஏன் என்று கேட்க ஆளில்லை. அந்த இடத்தில்தான் பவுல் ஒரு சபையையே சாட்சியாகக் கொண்டுவந்து வைக்கிறார். வாழ்த்து எல்லோருக்கும். நான்காம் வசனத்திலிருந்து பேச்சு பிலேமோனோடு. ஒநேசிமுவின் பெயர் பத்தாம் வசனத்தில்தான் வருகிறது, அதுவும் "என் மகன்" என்ற உரிமையோடு.

இது பிலேமோனுக்கு நெருக்கடி இல்லையா என்று சிலர் கேட்பார்கள். நெருக்கடிதான். பேச வாயில்லாத ஒருவனுக்காக அப்படி நெருக்குவது சரி என்றே நினைக்கிறேன். அதோடு பவுல் சும்மா கேட்கவில்லை. அவன் கடன்பட்டிருந்தால் நானே செலுத்துவேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். 22-ஆம் வசனத்தில் தனக்குத் தங்க இடம் ஆயத்தம்பண்ணவும் சொல்கிறார். பவுல் நேரில் வரப்போகிறார் என்பது இப்போது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.