கேத்தூராளும் பாலாற்று ஊற்றும்

அன்புள்ள ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

நான் காட்பாடியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. வயது 31. அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கு நான்கு வருடமாக வரன் பார்க்கிறார்கள். கூடிவருவதெல்லாம் கடைசி நேரத்தில் தட்டிப்போகிறது. "கர்த்தருடைய வேளைக்குக் காத்திரும்மா" என்று சபையில் எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது என் அப்பா, 62 வயதில், எங்கள் சபையிலேயே ஒரு விதவையைத் திருமணம் செய்துகொள்ளப்போகிறார். அடுத்த மாதம் ஆலயத்தில் திருமண அறிக்கை வாசிப்பார்கள். அப்பாவுக்கு மட்டும் மூன்றே வருடத்தில் வேளை வந்துவிட்டதா? கர்த்தர் இதைத் தடுப்பார் என்று ஜெபித்துக் காத்திருக்கிறேன். அம்மாவின் பீரோ சாவியை அப்பா கேட்டும் நான் தரவில்லை. தேவனுடைய வேளை எது, மனிதர்களின் அவசரம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிறிஸ்தவர்களே ரகசியமாக ஜாதகம் பார்ப்பதைப் பற்றியும் எழுதுங்கள்.

எஸ்., காட்பாடி

அன்புள்ள எஸ்.,

ஜாதகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். ராகு காலம் கழியட்டும் என்று ஆயரைக் காக்கவைத்து மோதிரம் மாற்றிய நிச்சயதார்த்தத்துக்குப் போய் நானே பிரியாணி சாப்பிட்டு வந்திருக்கிறேன். அதில் எழுத ஒன்றுமில்லை.

மற்றதற்கு உடனே எழுதக் காரணம் உண்டு. என் சித்தி போய் மூன்று மாதம் ஆகிறது. அவர் வாசித்த பைபிளை இப்போது நான் வாசிக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று ஆதியாகமம் 25இல் நின்றுகொண்டிருந்தேன். சித்தி என்றால் அம்மாவின் தங்கை இல்லை. அப்பாவின் இரண்டாம் மனைவி.

முதலில் ஒரு திட்டு. கர்த்தர் தடுப்பார் என்று காத்திருக்கிறேன் என்கிறீர்கள். எலி வளைக்கு முன்னால் பூனையும்தான் காத்திருக்கிறது. அப்பா இடறி விழட்டும் என்று மூலையில் பதுங்கிக்கொண்டு அதற்கு ஜெபம் என்று பெயர் வைக்காதீர்கள். 31 வயதில், முப்பது நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற ஆசிரியைக்கு இது அழகில்லை.

உங்கள் சபையாருக்கும் ஒன்று இருக்கிறது. கர்த்தருடைய வேளை என்று உங்கள் தலையைத் தடவிவிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேர் உங்களுக்காக ஒரு வரனை விசாரித்தார்கள்? ஒரு போன்? இந்தச் சொல்லை எடுத்துப் பிறருக்குக் கொடுப்பதைப் போலச் செலவில்லாத தருமம் வேறில்லை. தன் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் ஞானஸ்நானம் முடிந்த கையோடு நகைச் சீட்டுப் போடுவார்கள்.

சரி, கேத்தூராள். மனைவி சாராள் இறந்த பிறகு ஆபிரகாம் கட்டிக்கொண்டவள். நான் கோயிலுக்குப் போகிற இத்தனை வருடத்தில் இவளைப் பற்றி ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை. சாராள் ஈசாக்கைப் பெறும்போது வயது 90. இறக்கும்போது 127. கணக்குப் போடுங்கள், ஈசாக்குக்கு அப்போது 37. அவன் ரெபெக்காளை மணந்தது 40இல். அம்மா போய் மூன்று வருடம், உங்களைப் போலவே. அவளை அம்மாவின் கூடாரத்துக்குள் அழைத்துப்போன பிறகுதான் அம்மாவை இழந்த துக்கம் ஆறியது என்று வேதம் சொல்கிறது. 37 வயது ஆம்பிளைக்கு மூன்று வருடம் ஆறாத துக்கம். அதற்காக யாரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, உங்களை நானும் கடிந்துகொள்ளமாட்டேன்.

பக்கத்தைத் திருப்பினால் முதல் வரியிலேயே ஆபிரகாமின் அடுத்த கல்யாணம். மகனுக்கு 40 என்றால் தகப்பனுக்கு 140. ஆறு பிள்ளைகள் வேறு. உங்கள் அப்பாவின் 62ஐப் பார்த்துச் சபை முகம் சுளித்தால் இந்த அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். (வேதத்தின் வரிசையில் மகன் கல்யாணம் முதலில், அப்பா கல்யாணம் பிறகுதான். இதை வைத்துக்கொண்டு வீட்டில் சண்டைக்குப் போக வேண்டாம். நான் சொன்னேன் என்று சொல்லவே வேண்டாம்.)

அந்த ஈசாக்குக்கும் கேத்தூராளுக்கும் நடுவில் என்ன பேச்சுவார்த்தை இருந்தது? வேதத்தில் ஒரு வரி கிடையாது. எனக்கு வேண்டியது அந்த வரிதான். அதை நான் வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டில் வாசித்தேன்.

அம்மா இறந்தது 1979. எனக்குப் பத்து வயது. அந்த நாளில் வேலூரைப் பற்றி ஒரு கேலி உண்டு, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும்: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. பள்ளிக்கூடத்தில் ஒருவன் கூடவே "அம்மா இல்லாத வீடு" என்று சேர்த்துச் சொன்னான். அவனை அடித்து நானும் அடி வாங்கினேன். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தார்கள். பல நூறு வருடம் வெறுமையாகக் கிடந்த கருவறை. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அந்த வருடம் மே மாதம் அப்பா சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். ஜூனில் பள்ளி திறந்ததும் அதே பையன், "உங்க வீட்டுக்கும் சாமி வந்துடுச்சாமே" என்றான். இந்த முறை அடிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அதற்காக அழுதேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு சாவி இருந்தது. அம்மாவின் டிரங்குப் பெட்டிச் சாவி. அதை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தேன். தூங்கும்போதும் அவிழ்க்கமாட்டேன். சித்தி அந்தப் பெட்டியைத் தினமும் துடைப்பார், அவ்வளவுதான். ஒரு நாள் குளிக்கும்போது கயிறு நைந்து அறுந்து சாவி கிணற்றடியில் விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஒரு புதுக் கறுப்புக் கயிறு, சாவியோடு, என் புத்தகப் பைமேல் இருந்தது. அவர் நினைத்திருந்தால் அன்று பெட்டியைத் திறந்திருக்கலாம். திறந்து பார்த்தாரா என்று சில இரவுகள் சந்தேகப்பட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் புத்தி அது. உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

சித்திக்கு ஊர் விரிஞ்சிபுரம் பக்கம், பாலாற்றங்கரை. 1982 கோடை விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆற்றில் மணல்தான். குடத்தோடு இறங்கி முழங்கால் ஆழம் கையாலேயே பறிப்பார்கள். அடியில் நீர் கசியும், சேற்று நிறத்தில். அதைக் கொட்டாங்கச்சியால் வாரி வெளியே கொட்ட வேண்டும். மறுபடி ஊறும், மறுபடி கலங்கல், மறுபடி வாரிக் கொட்ட வேண்டும். நான் அவசரப்பட்டு ஆழமாகப் பறித்தேன். கரை சரிந்து குழியே மூடிக்கொண்டது. சித்தி ஒரு முழம் தள்ளி வேறு குழி பறிக்க ஆரம்பித்தார். "வாயை அகலமா வையி. எறைச்சி ஊத்திட்டு அப்பால குந்து" என்றார். குந்தினோம். என்னோடு பேச்சுக் கொடுக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அடியில் மணல் ஒவ்வொன்றாகத் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்தது.

இன்று அங்கே போய்த் தோண்டிவிடாதீர்கள். மணலை லாரியில் ஏற்றியாகிவிட்டது, மிச்சத்தைத் தோல் கழிவு பார்த்துக்கொண்டது. அது வேறு வயிற்றெரிச்சல், இன்னொரு நாள்.

அவரை நான் "அவங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், நாலு வருடம். பத்தாவது பரீட்சை அன்று காலை பதற்றத்தில் "சித்தி, ஹால் டிக்கெட் எங்க?" என்று கத்திவிட்டேன். "பொட்டி மேல" என்றார். தாளிப்பு கருகிவிடும் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டி என்றால் அம்மாவின் பெட்டி.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அப்போது பாலத்துக்கு அழைத்துப்போகச் சொன்னார். நடக்க முடியாத கால். ஆட்டோவில் உட்கார்ந்தபடியே இரண்டு கரையும் தொட்டு ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். ஏதோ சங்கீதம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "இம்மாம் தண்ணி வந்தா ஊத்து எங்கடா தோண்டறது?" என்றார்.

உங்கள் கேள்வியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன். உங்கள் கல்யாண வேளை எனக்குத் தெரியாது, தெரியும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். சபையாரை நம்பி உட்காராமல் நீங்களே நாலு பேரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அறிக்கை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமான இடத்தில் உட்காருங்கள். தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அம்மாளை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று இப்போதே மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

சாவியை அப்பாவிடம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பீரோவைத் திறங்கள். மூன்று வருடம் மடித்தே கிடந்த பட்டு மடிப்பிலேயே இற்றுப்போகும். புடவைகளை உதறி, நிழலில் ஒரு நாள் காற்றாடப் போட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள்.