மழைக்காலக் கார்த்தஹேனா: ₹60,000 தள்ளுபடி உண்மையில் லாபமா?

கேள்வி: நாங்கள் திருச்சி. எனக்கு வயது 61, மனைவிக்கு 57. செப்டம்பரில் ஹூஸ்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து நாங்கள் இருவர் மட்டும் கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்குப் போய் அக்டோபர் 6 முதல் 12 வரை ஆறு இரவுகள் தங்க ஆசை. ஹூஸ்டன் திரும்பிய மூன்றாம் நாள் சென்னைக்கு விமானம். விமானம், ஹோட்டல், ஒரு நாள் தீவுப் பயணம் எல்லாம் சேர்த்து ₹3.4 லட்சம் என்கிறார் இங்குள்ள பயண முகவர். மழைக்காலம் என்பதால் ₹60,000 குறைத்துவிட்டாராம். ஆனால் முழுப் பணத்தையும் இப்போதே கட்ட வேண்டும். ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காது. வாங்கலாமா? செலவுக்கு டாலர் நோட்டு எடுத்துப் போவதா, கார்டா?

பதில்: இந்த வடிவத்தில் வாங்காதீர்கள். மழைக்கால விலைக்குறைப்பு என்பது, மழையால் திட்டம் கெடும் ஆபத்தை நீங்கள் ஏற்பதற்காகத் தரப்படும் கூலி. கூலியை வாங்கிக்கொண்டு, ரத்து செய்யும் உரிமையையும் விட்டுக்கொடுத்தால் ஆபத்து முழுவதும் உங்கள் தலையில்தான். அந்த ₹60,000-ல் ஒரு பகுதியையாவது 'ரத்து செய்யலாம்' என்ற வசதிக்குச் செலவழிப்பதுதான் சரியான கணக்கு.

முதலில் தேதி. அங்கே அக்டோபர்தான் உச்ச மழை மாதம். அந்த ஒரு மாதத்தில் மட்டும் 200 மி.மீ.க்கு மேல் பெய்யும். ஆனாலும் நீங்கள் சொல்லும் வாரம் மலிவான வாரம் அல்ல. அக்டோபர் 12-ஐ ஒட்டிய திங்கட்கிழமை கொலம்பியாவில் பொது விடுமுறை. அதற்கு முந்தைய வாரம் பள்ளிகளுக்கும் விடுமுறை. உள்நாட்டுக் குடும்பங்கள் கடற்கரைக்குக் குவிவதால் அறை வாடகை ஏறும். நவம்பர் 11 நகரின் சுதந்திர நாள் (1811). அந்த வாரமும் அப்படித்தான். அக்டோபர் மூன்றாம், நான்காம் வாரத்துக்குத் தள்ளினால் மழை ஏறக்குறைய அதேதான், கூட்டம் குறைவு. முகவர் எந்த விலையிலிருந்து ₹60,000 குறைத்தார் என்று கேளுங்கள். டிசம்பர் இறுதி விலையிலிருந்து குறைத்திருந்தால் அது தள்ளுபடியே அல்ல.

மழை பெரும்பாலும் நாள் முழுக்கப் பெய்வதில்லை. பிற்பகலிலோ மாலையிலோ ஓரிரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். தொல்லை வானத்தில் இல்லை, வடிகாலில் இருக்கிறது. நகரம் கடல் மட்டத்தை ஒட்டியே கிடக்கிறது. மழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல், வடிகால் வழியே கடல்நீரே தெருவுக்கு ஏறும். உயர்ந்த ஹோட்டல்கள் நிறைந்த போகாகிராந்தே பகுதியில் இது அடிக்கடி நடக்கும். 2020 நவம்பரில் ஐயோட்டா சூறாவளியின் வெளி வளையம் பட்டதற்கே நகரின் பெரும்பகுதி மூழ்கியது. அதனால் வாடகையில் ₹500 மிச்சம் பிடிப்பதைவிட, தரைத்தளம் அல்லாத அறை, ஜெனரேட்டர் (அங்கே 'பிளாந்தா எலெக்த்ரிகா' என்று கேட்க வேண்டும்) இரண்டையும் எழுத்தில் உறுதி வாங்குவது மேல்.

ஹோட்டலை 24 அல்லது 48 மணி நேரம் முன்புவரை இலவசமாக ரத்து செய்யும் விதியில், அங்கு போய்ப் பணம் கட்டும் முறையில் பதிவு செய்யுங்கள். இன்னொரு லாபமும் இதில் உண்டு. கொலம்பியாவில் வசிக்காத வெளிநாட்டுப் பயணிக்குத் தங்கும் வாடகையில் 19% ஐவிஏ (நம் ஜி.எஸ்.டி. போன்ற விற்பனை வரி) விலக்கு உண்டு. பாஸ்போர்ட்டையும் சுற்றுலா நுழைவு முத்திரையையும் காட்ட வேண்டும். இரவுக்கு 4,00,000 பெசோ (கொலம்பிய நாணயம்) என்றால் வரி 76,000. ஆறு இரவுக்கு 4,56,000. ஒரு ரூபாய்க்கு 45 பெசோ என்று வைத்தால் ₹10,000-க்கு மேல். தொகுப்பாக வாங்கினால் இந்த விலக்கு உங்களுக்கு வந்ததா, இடையில் யாரிடமாவது நின்றதா என்பதே தெரியாது.

தீவுப் பயணத்தைத் தொகுப்பில் சேர்ப்பதுதான் பெரிய தவறு. ரொசாரியோ தீவுகளுக்கு விசைப்படகில் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் துறைமுக அதிகாரிகள் சிறு படகுகளை நிறுத்திவிடுவார்கள். குறித்த நாளில் படகு ஓடாவிட்டால் முன்பணம் கேள்விக்குறிதான். போய் இறங்கிய இரண்டாம் நாளுக்கு இதை வைத்துக்கொண்டு, முந்தைய மாலை வானிலை பார்த்துப் பணம் கட்டுங்கள். அன்று ஓடாவிட்டால் மாற்ற இன்னும் மூன்று நான்கு நாள் கையில் இருக்கும். படகுத்துறைக் கட்டணமும் தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணமும் பெரும்பாலும் விலையில் அடங்காது, ரொக்கமாகக் கேட்பார்கள். படகே ஓடவில்லையென்றால் பாரூவின் பிளாயா பிளாங்கா கடற்கரைக்குப் பாலம் வழியே சாலையில் போகலாம்.

விமானம்: மயாமி, ஃபோர்ட் லாடர்டேல் நகரங்களிலிருந்து கார்த்தஹேனாவுக்கு நேரடி விமானம் உண்டு. ஹூஸ்டனிலிருந்து கடைசி வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். இரண்டு தனி டிக்கெட் எடுத்து முதல் விமானம் புயலில் தாமதமானால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் போய்விடும். விமான நிறுவனத்துக்கு அதில் பொறுப்பு இல்லை. விமான நிலையக் குறியீடு சி.டி.ஜி.தானா என்றும் பாருங்கள். ஸ்பெயினிலும் ஒரு கார்த்தஹேனா இருக்கிறது. ஹோட்டல் தளங்களில் இரண்டும் அடுத்தடுத்து வரும்.

முகவர் சொல்லாத செலவு டி.சி.எஸ்., அதாவது விற்பவரே உங்களிடம் முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. விமானம், ஹோட்டல் போன்றவற்றில் இரண்டு சேர்ந்தாலே அது வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு. முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். பிடிப்பார்கள். விகிதத்தைப் பட்ஜெட்டுகள் மாற்றிவந்திருப்பதால் பில்லில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்து இதைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஓய்வுக்குப் பின் வரியே இல்லாதவர் என்றால் பணம் மாதக்கணக்கில் முடங்கும். நீங்களே தனித்தனியாக விமானமும் ஹோட்டலும் பதிவு செய்தால் இது தொகுப்பு ஆகாது. ஃபாரெக்ஸ் கார்டில் போடும் பணத்துக்கோ, 2025 ஏப்ரல் முதல், நிதியாண்டில் ₹10 லட்சத்தைத் தாண்டினால்தான் டி.சி.எஸ்.

இனி டாலரா, கார்டா. நம் ஊர் ஃபாரெக்ஸ் கார்டுகளில் கொலம்பிய பெசோ கிடையாது. டாலர் போட்டு பெசோவில் செலவழித்தால் பல கார்டுகள் இன்னொரு மாற்றுக் கட்டணம் பிடிக்கும். வழக்கமான கிரெடிட் கார்டில் 3.5% கட்டணமும் அதன்மேல் 18% ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 4.13%, லட்சத்துக்கு ₹4,130. இந்தக் கட்டணம் குறைவான, அல்லது அறவே இல்லாத கார்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்கள்தான் இயக்க வேண்டும். மறந்தால் முதல் நாளே கார்டு வேலை செய்யாது. கடையில் இயந்திரம் ரூபாயிலா பெசோவிலா என்று கேட்டால் எப்போதும் பெசோ. 'குவோத்தாஸ்?' என்று கேட்டால் எத்தனை தவணை என்று பொருள். 'உனா' என்று சொல்லுங்கள், அதாவது ஒன்று.

ரொக்கத்துக்கு ஏடிஎம் போதும், ஆனால் எடுக்கும் அளவைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறைக்கும் 20,000 பெசோ கட்டணம் என்று வைத்தால், 3,00,000 எடுக்கும்போது அது 6.7%, 9,00,000 எடுத்தால் 2.2%. உச்சவரம்பு வங்கிக்கு வங்கி மாறும். பெரிய தொகை தரும் இயந்திரத்தைக் கண்டுபிடித்து இரண்டே முறையில் முடியுங்கள். அவசரத்துக்கு இருவரிடமும் சேர்த்து 300 டாலர் நோட்டாக இருக்கட்டும். கிழிசலோ கிறுக்கலோ இருக்கக் கூடாது. தெருவில் கூடுதல் விலை தருகிறேன் என்று வருபவரிடம் மாற்றாதீர்கள். எண்ணும்போதே நோட்டு குறையும். மீந்த பெசோவை நம் ஊரில் மாற்றுவது கடினம்.

விலைப்பலகையில் டாலர் குறி இருந்தாலும் அது பெசோதான். ஆயிரத்துக்குப் பிறகு கமா அல்ல, புள்ளி: 50.000 என்றால் ஐம்பதாயிரம். டாக்சியில் மீட்டர் இருக்காது, ஏறுமுன் பேசுங்கள். தெருவில் தண்ணீர் நிற்கும் மாலையில் கூடுதலாகத்தான் கேட்பார்கள். உணவக பில்லில் 10% 'புரோப்பினா' (டிப்ஸ்) உங்கள் விருப்பம். வேண்டாம் என்று சொல்லலாம்.

காப்பீட்டில் இரண்டு ஓட்டைகள். மகன் வீட்டுக்காக எடுக்கும் பாலிசி அமெரிக்காவை மட்டும் காப்பதாக இருக்கலாம். கொலம்பியாவும் அடங்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள். அடுத்து, 'பயண ரத்து' என்பது பாலிசியில் எழுதியிருக்கும் காரணங்களுக்கு மட்டும். 'மழை பெய்கிறது, போக மனமில்லை' என்பது அதில் வராது. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் பாலிசி அந்தப் புயலுக்கு உதவாது. விமானத் தாமதத்துக்குப் பணம் கேட்க, நிறுவனத்திடம் தாமதச் சான்றை அங்கேயே வாங்கிவிட வேண்டும்.

விசா: செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்குக் கொலம்பியா தனி விசா கேட்பதில்லை, ஆனால் நுழையும் நாளில் அதில் குறைந்தது 180 நாள் மிச்சம் இருக்க வேண்டும். டிக்கெட்டுக்கு முன் தூதரக விதியைச் சரிபாருங்கள். கொலம்பியாவுக்குள் நுழையுமுன் இணையத்தில் நிரப்பும் 'செக்-மிக்' என்ற குடியேற்றப் படிவம் இலவசம்; பணம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல.

கடைசியாக, உங்கள் திட்டத்தையே மாற்றக்கூடிய ஒன்று. மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் கொலம்பியாவை இந்தியா வைத்திருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சென்னையில் தடுப்பூசிச் சான்று இல்லாமல் இறங்கினால் தனிமைப்படுத்தலாம். நீங்கள் மூன்றாம் நாளே விமானம் ஏறுகிறீர்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். கிண்டி கிங் நிலையத்தில் போடலாம். ஆனால் 60 வயதைத் தாண்டியவருக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து சற்று அதிகம். உங்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே முடிவெடுங்கள். அவர் வேண்டாம் என்றால், சென்னை விமானத்தை ஒரு வாரம் தள்ளிப்போட ஆகும் கட்டணத்தையும் இந்தப் பயணத்தின் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனவே மருத்துவரைப் பார்க்கும்வரை முகவருக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.