28 கிலோமீட்டர் ஓடாத காரும், 1.4 லட்சம் கார்டு பாக்கியும்

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு காலணி ஏற்றுமதித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 45, கையில் வரும் சம்பளம் 62,000 ரூபாய். வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவேன். காட்பாடியில் சொந்த வீடு. கடன் முடிந்திருந்த பழைய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு, 10 மாதங்களுக்கு முன் பெட்ரோல் என்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் வாங்கினேன். 12 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 ஆண்டு. பழைய கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தது. இது 28 கொடுக்கும், மிச்சமாகும் பெட்ரோல் காசே தவணையில் பெரும்பகுதியைக் கட்டிவிடும் என்று நம்பினேன். திருப்பதி, பெங்களூரு என்று வெளியூர் போகும்போது 18, 19-க்கு மேல் வருவதில்லை. பழைய கார் 6 ஆண்டில் 42,000 கிலோமீட்டர் ஓடியது. இது 10 மாதத்தில் 18,000 ஓடிவிட்டது. அக்கா, சித்தப்பா, மைத்துனர் குடும்பம் எல்லோரும் எங்கே போவதென்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பேட்டரியில் ஓடும் காருக்கு என்ன செலவு என்கிறார்கள். பெட்ரோலுக்கென்றே வாங்கிய கிரெடிட் கார்டில் 1.4 லட்சம் பாக்கி சேர்ந்துவிட்டது. குறைந்தபட்சத் தொகையான 7,000 ரூபாயை மாதம் தவறாமல் கட்டி வருகிறேன். மகள் பதினோராம் வகுப்பு. அவள் கல்லூரிக்கு 2 லட்சம் வைப்புத்தொகையில் இருக்கிறது. இந்தக் காரை மாற்றி மின்சாரக் கார் வாங்கினால் செலவு குறையுமா? அடுத்த மாதம் அக்கா குடும்பத்தைத் தர்மஸ்தலா அழைத்துப் போக வேண்டும் என்பதால் சீக்கிரம் பதில் வேண்டும்.

பதில்: காரை மாற்றாதீர்கள். கடனில் இன்னும் சுமார் 10.9 லட்சம் அசல் பாக்கி இருக்கிறது. பத்து மாதக் காரை விற்றால் கைக்கு வரும் விலை அந்தப் பாக்கிக்கே சரியாகிவிடலாம். பிறகு புதிய காருக்குப் புதிய கடன், மறுபடியும் ஏழு ஆண்டு. மின்சாரக் காரில் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதற்குச் செலவே இல்லை என்று உங்கள் உறவினர்கள் இன்னும் உறுதியாக நம்புவார்கள்.

முதலில் மைலேஜ் விஷயத்தை முடித்துவிடுகிறேன். உங்கள் காரில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த 28 என்பது சோதனைக் கூடத்தில், உருளைகளின் மேல் காரை ஓட்டி எடுத்த எண். அந்தச் சோதனையில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். பெரும்பகுதி நேரம் அதைவிட மிகக் குறைந்த வேகத்தில், நின்று நின்று ஓடும். ஹைபிரிட் காருக்கு ஆதாயம் கிடைப்பதே அப்படி ஓடும்போதுதான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்து பேட்டரியில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை கிளம்பும்போது அது பயன்படுத்துகிறது. வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் இது அருமையாக வேலை செய்யும். கிருஷ்ணகிரி நோக்கி நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. பேட்டரியில் சேர்வதற்கும் ஒன்றுமில்லை. அங்கே என்ஜின்தான் காரை இழுக்கிறது. 85-இல் போவதற்கும் 105-இல் போவதற்கும் காற்றுத் தடை ஒன்றரை மடங்கு வித்தியாசம். ஐந்து பேர், பெட்டிகள், கத்திரி வெயிலில் முழு வேகத்தில் ஏ.சி. இத்தனையையும் இழுத்துக்கொண்டு 18 கொடுக்கிறது என்றால் கார் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆற்றலும் கொஞ்சம் குறைவு.

திருமலை ஏறி இறங்கும்போது இறக்கத்தில் நிறைய மிச்சமாகும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இந்த வகைக் கார்களின் பேட்டரி ஒரு யூனிட் மின்சாரம்கூடக் கொள்ளாது. கொஞ்ச தூரம் இறங்குவதற்குள் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு கிடைக்கும் ஆற்றலை வைத்துக்கொள்ள இடமில்லை. 85, 90-இல் ஓட்டுங்கள், டயர் காற்றைச் சரியாக வைத்திருங்கள், திரையில் காட்டும் எண்ணை விட்டுவிட்டு டேங்கை நிரப்பி நிரப்பிக் கணக்கெடுங்கள். லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடலாம். அவ்வளவுதான்.

இனி பணத்துக்கு வருவோம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய கார் மாதம் ஏறத்தாழ 580 கிலோமீட்டர் ஓடியது. 14 கிலோமீட்டர் மைலேஜில் அதற்குச் சுமார் 4,200 ரூபாய் பெட்ரோல். புதிய கார் மாதம் 1,800 கிலோமீட்டர் ஓடுகிறது. 18.5 கணக்கில் சுமார் 9,800 ரூபாய். விளம்பரத்தில் சொன்ன 28 அப்படியே கிடைத்திருந்தால்? அப்போதும் 6,500 ரூபாய் ஆகியிருக்கும். அதாவது சொன்ன மைலேஜ் முழுதாகக் கிடைத்திருந்தாலும், பழைய காருக்குச் செலவழித்ததைவிட மாதம் 2,300 ரூபாய் கூடுதலாகவே செலவழித்திருப்பீர்கள். இதில் சுங்கச்சாவடிக் கட்டணம் சேரவில்லை. பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று வழியெங்கும் கட்டுவதை நீங்களே எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

பழைய அளவுக்கே, அந்த 580 கிலோமீட்டர் மட்டும் ஓட்டியிருந்தால் இன்றைய மைலேஜில் மாதம் சுமார் 1,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும். உங்கள் மாதத் தவணை 19,300 ரூபாய். 1,000 ரூபாய் 19,300-இல் பெரும்பகுதியைக் கட்டிவிடும் என்று நம்புவதற்கு முன் ஒரு பேனாவும் காகிதமும் எடுத்திருக்க வேண்டும். அது முடிந்த கதை. தவணையைக் கட்டித்தான் ஆக வேண்டும். அது சம்பளத்துக்குள் அடங்குகிறது.

அடங்காதது அந்தக் கார்டு. 1.4 லட்சத்துக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் 4,900 ரூபாய் வட்டி, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மாதம் சுமார் 5,800 ரூபாய் போகிறது. நீங்கள் தூக்கம் கெட்டுக் கவலைப்படும் 28-க்கும் 18.5-க்கும் உள்ள வித்தியாசம் மாதம் 3,300 ரூபாய்தான். நீங்கள் தவறாமல் கட்டும் 7,000-இல் அசலுக்குப் போவது 1,200 ரூபாய். அதே மாதம் அதே கார்டில் 9,800 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறீர்கள். பாக்கி இருக்கும்வரை வட்டியில்லா நாட்கள் என்ற சலுகையும் உங்களுக்குக் கிடையாது. இன்று போடும் பெட்ரோலுக்கு இன்றிலிருந்தே வட்டி. பெட்ரோல் பங்கில் கார்டு தேய்த்தால் வசூலிக்கும் ஒரு சதவீதக் கூடுதல் கட்டணம் இந்தக் கார்டில் தள்ளுபடி என்பார்கள்: 9,800-க்கு 98 ரூபாய். அந்த 98 ரூபாய்க்காக 5,800 கொடுக்கிறீர்கள். பாக்கி வைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கார்டுகளை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

மகளின் வைப்புத்தொகையை உடையுங்கள். மனம் ஒப்பாது என்று தெரியும். அந்த 1.4 லட்சம் 7 சதவீதத்தில் ஆண்டுக்கு 9,800 ரூபாய் ஈட்டும்போது, கார்டு ஆண்டுக்குச் சுமார் 69,000 தின்கிறது. முன்கூட்டி எடுத்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பிடித்துக்கொள்ளட்டும். கார்டை ஒரே தவணையில் முடித்து, எழுத்து மூலம் ரத்துசெய்யுங்கள். கார்டுக்குக் கட்டிய அதே 7,000 ரூபாயைத் தொடர்வைப்பில் போட்டால் 20 மாதத்தில் 1.4 லட்சம் திரும்பிவிடும். மகள் கல்லூரி சேரும் காலமும் ஏறக்குறைய அதுதான். மீதமுள்ள 60,000-ஐத் தொடாதீர்கள்.

இனி உறவினர்கள். 1865-இல் ஜெவோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர், நீராவி இயந்திரங்கள் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கிய பிறகு இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு கூடியதே தவிரக் குறையவில்லை என்று காட்டினார். உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் அதுதான். மலிவாக ஓடும் கார் என்ற பேச்சு பரவியதும் மாதத்துக்கு ஒரு திருப்பதி, ஒரு பெங்களூரு, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை என்று எல்லாப் பயணமும் உங்கள் தலையில் வந்து விழுந்துவிட்டது.

நானும் வேலூர்க்காரன். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வரும் சொந்தங்களை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவருவது இந்த ஊரில் குடியிருப்பவர்களின் கடமை. அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். அது ஏழெட்டுக் கிலோமீட்டர் ஊருக்குள் ஓடும் ஓட்டம். உங்கள் கார் நன்றாக மைலேஜ் கொடுப்பதும் அங்கேதான். நோயாளியை எத்தனை முறை வேண்டுமானாலும் அழைத்து வாருங்கள். நெடுஞ்சாலையில் 400 கிலோமீட்டர் போகும் கோயில் பயணமும் கல்யாணப் பயணமும் வேறு.

கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கலாமா என்று யோசிக்காதீர்கள். வெள்ளைப் பலகைச் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. வழியில் விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம். யாருடைய பயணமோ அவர்கள் பெட்ரோல் பங்கில் இறங்கி டேங்கை நிரப்பட்டும், சுங்கத்தையும் அவர்களே ஏற்கட்டும். ஓட்டுவது மட்டும் உங்கள் பங்கு. காசு விஷயத்தைத் திரும்பி வரும்போது பேச முடியாது. புறப்படுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

தர்மஸ்தலா போய்வர ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். பெட்ரோல் மட்டுமே 5,500 ரூபாய்க்குக் குறையாது. அக்காவுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே போன் செய்யுங்கள். கார்டு பாக்கியை மறைக்காமல் சொல்லுங்கள். தம்பி கடனில் இருக்கிறான் என்பது அவருக்கு இதுவரை தெரிந்திருக்காது. டேங்கும் சுங்கமும் அவர் பொறுப்பு என்றால் போய்வாருங்கள். அவருக்கு அது சரிப்படாவிட்டால், காட்பாடியிலிருந்து பெங்களூருக்குக் காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, அங்கிருந்து தர்மஸ்தலாவுக்கு பஸ் இருக்கிறது. ஸ்டேஷன் வரை உங்கள் காரிலேயே கொண்டுபோய் விடுங்கள்.