ஏலகிரி ஏற்றத்தில் தட்டும் என்ஜின்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாற்பது ஆண்டுப் பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி வீட்டு வண்டியாக மாற்றியிருக்கிறேன். சமவெளியில் ஒழுங்காக ஓடும் வண்டி, பொன்னேரியில் இருந்து ஏலகிரி மலை ஏறத் தொடங்கியதும் தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தமிடுகிறது. மெக்கானிக், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கைக் குறைத்தார், அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தைப் பிந்தவைத்தார். சத்தம் அடங்கியது, ஆனால் இழுவை போய்விட்டது, ரேடியேட்டரும் கொதிக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்த உடனே அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது என்றால், அது நாக்கிங்தான், பேரிங் தேய்மானத்தின் சத்தம் இதைவிடக் கனமாக, சம்மட்டி அடிபோல் கேட்கும். பிளக்கில் பிறந்த தீ சிலிண்டருக்குள் சீராகப் பரவி முடிப்பதற்குள், மூலையில் எஞ்சிய கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே வெடிப்பதுதான் நாக்கிங். ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தினால் அழுத்தம் குறைந்து சத்தம் அடங்கும் என்பது உண்மையே. ஆனால், அளவுக்கு மீறித் தாமதப்படுத்தினால் எரிதல் பிந்தி, பிஸ்டனைத் தள்ளவேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் தண்ணீருக்கும் போய்ச் சேரும். இழுவை போனதும் தண்ணீர் கொதிப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

காதால் கேட்டு டைமிங் வைக்கும் கைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், ஸ்பார்க் விழும்போதெல்லாம் மின்னி, டைமிங் குறி எங்கே நிற்கிறது என்று காட்டும் டைமிங் லைட் இல்லாமல் இந்த வண்டிக்கு ஆகாது. முதலில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் பிளாட்டினம் பாயின்ட்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். இடைவெளி கூடினால் டைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும் என்பதால், டைமிங்கை வைத்துவிட்டுப் பிறகு பாயின்ட்டைத் தொட்டால் செய்த வேலை வீண். அடுத்து, என்ஜினின் முன்புறப் புல்லியில் உள்ள டைமிங் குறியை நம்பலாமா என்று பாருங்கள். நடுவில் ரப்பர் வளையம் உள்ள புல்லியாக இருந்தால், பல ஆண்டுகளில் வெளிவளையம் நழுவிக் குறி இடம் மாறியிருக்கக்கூடும். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, நீளமான பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் ஒன்றை உள்ளே விட்டு, என்ஜினைக் கையால் மெல்லச் சுழற்றினால், குழல் ஏறி நின்று இறங்கத் தொடங்கும் இடமே பிஸ்டனின் உச்சி. புல்லியின் பூச்சியக் குறி அப்போது அதற்குரிய இடத்தில் நிற்க வேண்டும்.

இனி, என் சந்தேகம் அதிகம் விழும் இடத்துக்கு வருகிறேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு எடைகளும் இரண்டு சிறு ஸ்பிரிங்குகளும் உண்டு. வேகம் கூடக் கூட எடைகள் விரிந்து ஸ்பார்க்கை முன்னே தள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தோ அறுந்தோ போயிருந்தால், ஐடிலில் டைமிங் சரியாகத் தெரிந்தாலும், வேகம் சற்று ஏறியதுமே முழு அட்வான்ஸும் (ஸ்பார்க் முந்தும் அளவு) ஒரேயடியாக வந்துவிடும். பாரத்தோடு ஏறும் வண்டி தட்டுவதற்கு அதுவே போதும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்து, நடுவில் உள்ள ரோட்டரை அது சுழலும் திசையில் விரலால் திருகி விடுங்கள். அது துள்ளித் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிட்டு, டைமிங் லைட்டைக் குறியின் மேல் பிடித்தபடி வேகத்தை மெதுவாக ஏற்றுங்கள். குறி சீராக நகர்ந்தால் நல்லது, தாவினால் ஸ்பிரிங் போயிற்று, அசையாவிட்டால் எடைகள் துருவேறிச் சிக்கியிருக்கின்றன. என்ஜின் உறிஞ்சும் வேக்குவத்தால் ஸ்பார்க்கை முந்தவைக்கும் வேக்குவம் அட்வான்ஸின் மேல் பழி போட வேண்டாம். ஏற்றத்தில் திராட்டில் முழுதும் திறந்திருக்க, வேக்குவம் குறைந்து அது தானே பின்வாங்கிவிடும்.

அட்வான்ஸ் ஒழுங்காக இருந்தும் தட்டினால், சிலிண்டர் தலையில் படிந்த கார்பனையும், கார்பரேட்டர் அடியில் காற்று இழுக்கும் கேஸ்கெட்டையும் பாருங்கள். ரேடியேட்டரையும் விட்டுவிடாதீர்கள், நம் பக்கத்து போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி, அண்டாவின் அடியில் படிவதுபோல் உப்பு படிந்திருந்தால் எந்த டைமிங்கும் உதவாது. தொட்டியில் நிரப்பும் 100 லிட்டர் தண்ணீரும் 100 கிலோ பாரம். அதை மேலே போய் நிரப்பிக்கொள்ளலாமே. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் மூன்றாம் கியரில் முக்கி முனகி ஏறாமல், இரண்டாம் கியரில், வெயில் ஏறுவதற்கு முன்பே ஏறுங்கள்.

கேள்வி: பழைய பெட்ரோல் வண்டிக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் நாக்கிங் நின்றுவிடுமா?
– ஒரு வாசகி, வாணியம்பாடி

பதில்: ஆக்டேன் என்பது பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு. அதனால் சத்தம் குறையலாம், ஆனால் காரணம் உள்ளேயே இருக்கும். அந்தக் காலத்தில் 87 ஆக்டேன் பெட்ரோலுக்கென்று செய்த என்ஜின், இன்று சாதாரண பம்பில் கிடைக்கும், அதைவிட ஆக்டேன் கூடிய பெட்ரோலிலும் தட்டுகிறது என்றால், குறை பெட்ரோலில் இல்லை. எத்தனால் கலப்பு ஆக்டேனை உயர்த்தவே செய்கிறது. ஆனால் பழைய கார்பரேட்டரில் அது கலவையை நீர்க்கச் செய்யும் (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாமல் போகும்), பழைய ரப்பர் குழாய்களையும் உப்பச் செய்யும். அந்தக் குழாய்களை மாற்றி, கார்பரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட்டைக் கழற்றித் துடைக்க ஆகும் செலவு, விலை கூடிய பெட்ரோலை மாதாமாதம் ஊற்றுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.